நாலாவது பாட்டு

வருடக் கடைசி வந்தாலே, பத்திரிகைக்குக் கச்சேரிப் படம் எடுக்கும் படக்காரன் ஒளிய இடம் தேடுவான். மற்றவர்களுக்கு விடுமுறை, வெளியூர்ப் பயணம், புது நாள்காட்டி என்று வரிசையாக வரும். அவனுக்கு ஆசிரியர் வருவார்.

அந்த வருடம் பத்திரிகை அலுவலகத்தின் மாடிப்படியிலேயே மடக்கிவிட்டார். ஒரு கையில் டீ, மறுகை சுவரில். மேலே ஏறவும் வழியில்லை, கீழே இறங்கவும் வழியில்லை.

"என்னப்பா, நம்ம கட்டுரை என்னாச்சு?"

"எழுதிக்கிட்டே இருக்கேன் சார்."

"போன வருஷம் அந்தப் புல்லாங்குழல்காரர் கடைசியா வாசிச்சதைப் பத்தி எழுதினியே, அதைப் படிச்சுட்டு எங்க வீட்டுல அழுதுட்டாங்க. அந்த மாதிரி ரெண்டு இடம் வை. ஜனங்க உன் போட்டோவைவிட எழுத்தைத்தான் பேசுறாங்க, தெரியுமா?"

தெரியும். தெரிந்துதானே ஒளிந்து திரிந்தான். 'இந்த ஆண்டில் நான் ரசித்த மேடைகள்' என்று பத்திரிகை ஒரு பக்கம் முழுக்க ஒதுக்கி, அவன் எடுத்த படங்களைப் போட்டு, ஒவ்வொரு படத்துக்கும் கீழே அவனையே எழுதச் சொல்லும். முன்பு எழுதிக்கொண்டிருந்த விமர்சகர் வேலையை விட்டுப் போனபோது, "நீதான் எல்லாக் கச்சேரிக்கும் போறியே, நீயே எழுதிடேன்" என்று ஆசிரியர் அவன் தலையில் கட்டிவிட்டார். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அந்தப் புல்லாங்குழல்காரர் கடைசியில் என்ன வாசித்தார் என்பது அவனுக்குச் சத்தியமாகத் தெரியாது. கடைசிப் பாட்டு கிடக்கட்டும், எந்தக் கச்சேரியிலும் நாலாவது பாட்டையே அவன் கேட்டதில்லை.

கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் அந்தத் தொழிலே அப்படித்தான். பெரிய மேடைகளில் படம் எடுப்பவர்களுக்கு முதல் மூன்று பாட்டு மட்டும்தான் அனுமதி. மேடைக்கும் இரும்புத் தடுப்புக்கும் நடுவே ஒரு சந்து விட்டிருப்பார்கள். ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கலாம். அதில் ஏழெட்டுப் பேர் கேமராவும் கையுமாக முட்டி மோதிக்கொண்டு நிற்பார்கள். முதுகுப் பக்கம் ரசிகர் கூச்சல், தலைக்கு நேரே ஒலிபெருக்கி. காதில் அடைப்பான் வைக்காமல் நின்றால் ஒரு வாரத்துக்குக் காதுக்குள் வண்டு ரீங்காரம் போடும். ஆக, அந்த மூன்று பாட்டும்கூட ஒழுங்காகக் காதில் விழாது. கண் வேலை பார்க்கும்போது காது லீவு போட்டுவிடும்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் மேனேஜர் ஓரத்திலிருந்து டார்ச்சை ஆட்டுவார். மூட்டையைக் கட்டு என்று அர்த்தம். கேமராவோடு அரங்குக்குள் நிற்கக் கூடாது. கேமராவை யாரிடமாவது கொடுத்துவிட்டு நிற்கலாமா என்றால் அதுவும் கூடாது. அப்படியே வெளியே போய்த் தொலையலாமா என்றால், எடுத்த படங்களை மேனேஜரின் ஆள் ஒவ்வொன்றாகப் பார்த்து, வாய் கோணிய படம், தாடை இரட்டித்த படம் எல்லாவற்றையும் அழித்த பிறகுதான் விடுவார். அந்த ஆளுக்குக் கச்சேரி முடியும்வரை வேறு வேலை இருக்கும். அதுவரை மேடைக்குப் பின்னால் ஒரு அறை. உடைந்த நாற்காலிகள் கூரைவரை அடுக்கியிருக்கும். ஒரு குழல்விளக்கு, மின்சாரப் பெட்டி ஒன்று, ஜன்னல் கிடையாது. யாராவது நைசாக மறுபடி உள்ளே நுழைந்துவிடக் கூடாதே என்று வெளியில் தாழ்ப்பாள்.

அந்த அறைக்குள் பாட்டு வராது. டிரம்ஸின் இடி மட்டும் சுவர் வழியாக வரும். ஆரம்பத்தில் எல்லோரும் சுவரில் காதை வைத்துப் பார்ப்பார்கள். நாளடைவில் நாற்காலியில் சாய்ந்து தூங்கப் பழகிவிடுவார்கள். உயரம் போதாததால் எங்கே போனாலும் ஒரு மடக்கு முக்காலியோடு வரும் சக படக்காரர் ஒருவர் உண்டு. முக்காலி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். "நம்ம பொழப்பு சினிமா போஸ்டர் ஒட்டுறவன் பொழப்புடா. ஊரையே படம் பார்க்க அனுப்புவோம், நமக்கு டிக்கெட் கிடையாது" என்று சொல்லிவிட்டு அவர் முக்காலியைத் தலைக்கு வைத்துப் படுத்துவிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். படக்காரனும் சிரிப்பான். அவனுக்கு மட்டும் உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும்.

காரணம் அவன் மனைவி.

நகரத்திலேயே பெரிய பாடகியின் குழுவில் அவள் கோரஸ். அந்தப் பாடகியைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு அவன் கேட்டதில்லை. வாத்தியக்காரர் முதல் வாசல்காரர்வரை எல்லோருக்கும் மேடம். மேடத்துக்குப் பின்னால், இடது பக்கம், வெளிச்சம் எட்டாத இடத்தில் ஒரே நிற உடையில் மூன்று பெண்கள் நிற்பார்கள். நடுவில் நிற்பவள் அவள். மேடம் ஒரு வரியை விட்டால் இவர்கள் பிடிப்பார்கள், மேடம் பிடித்தால் இவர்கள் விடுவார்கள். படத்தில் விழ மாட்டார்கள். விழுந்தாலும் பத்திரிகையில் ஓரத்தை வெட்டிவிடுவார்கள். அப்படிச் சில படங்களில் அவன் மனைவியை அவனே வெட்டியிருக்கிறான்.

கல்யாணத்துக்கு முன்பு ஒரு நாள், ஒத்திகை இடைவேளையில் தண்ணீர் குடிக்க வந்தவள் அவனிடம் கேட்டாள்: "மூணு பாட்டு ஆனதும் நீங்கல்லாம் எங்க போயிடுவீங்க?"

நாற்காலி அறையில் எங்களைப் பூட்டி வைப்பார்கள் என்று சொல்ல அவனுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. இளவட்டம். "நான் போகமாட்டேன். பின்னாடி, கதவோரம் அந்தப் பெரிய தூண் இருக்கில்ல, அங்க நின்னு கேட்பேன். மூணு பேரு பாடினாலும் உங்க குரல் எனக்குத் தனியாத் தெரியும்" என்று அளந்துவிட்டான்.

அவள் டம்ளரைக் கீழே வைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பாடத் தொடங்கி எத்தனையோ வருடமாகியிருந்தது. உன் குரல் கேட்கிறது என்று ஒரு மனிதர் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டதாகப் பிற்பாடு அவளே சொன்னாள். அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் கல்யாணம் ஆகிவிட்டிருந்தது.

அன்றிலிருந்து அவள் அந்தத் தூணைப் பார்த்துத்தான் பாடுகிறாள். விளக்கு கண்ணைக் கூசுவதால் தூண் தெரியாது. தூண் இருக்கும் திசை தெரியும், அது போதும் என்பாள். ஒரு தடவை பேருந்தில் வரும்போது, "இன்னைக்குத் தூண்கிட்ட என்னவோ மினுங்குச்சே, உங்க லென்ஸா?" என்று கேட்டாள். "ஆமா" என்றான். யாருடைய கைக்கடிகாரமோ! கச்சேரி முடிந்து வீடு வந்தால், "இன்னைக்கும் உன் குரல் எனக்குத் தனியாக் கேட்டுச்சு" என்று ஒரு வார்த்தை சொல்வான். செருப்பைக் கழற்றுவது போல அதுவும் பழக்கமாகிவிட்டது.

ஒரு நாள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்து கேட்டுவிட்டால் தீர்ந்தது என்று நீங்கள் சொல்லலாம். அவனும் யோசிக்காமல் இல்லை. மேடம் இந்த நகரத்தில் பாடும் நாளெல்லாம் பத்திரிகைக்கு அவன்தான் போயாக வேண்டும். லீவு கேட்டால் ஆசிரியர் காரணம் கேட்பார். அதையாவது சமாளிக்கலாம். தூணோரம் தவறாமல் நிற்கிறவனுக்கு டிக்கெட் எதற்கு என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்வது? பொய் சொல்லிப் போட்ட தாழ்ப்பாளை உண்மையைச் சொல்லாமல் திறக்க முடியாது. நாற்காலி அறைக் கதவாவது கச்சேரி முடிந்ததும் திறக்கும்.

அந்த வருடம் மழைக்காலத்தில் ஒரு கச்சேரி. பேய்மழை. மற்றப் பத்திரிகைகளின் விமர்சகர்கள்கூட வரவில்லை. மழையையும் பார்க்காமல் அரங்கு நிறைய ஜனம். மேடத்தின் கச்சேரிகளில் கைப்பேசியை வாசலிலேயே வாங்கி உறையில் போட்டு மூடிவிடுவார்கள். அதனால் பாட்டை யாரும் படம் பிடித்துப் பரப்ப முடியாது. படக்காரன் வழக்கம்போல மூன்று பாட்டுக்குப் படம் எடுத்தான், டார்ச் ஆடியதும் அறைக்குப் போனான். தகரக் கூரையில் மழை அடித்த அடியில் அன்றைக்கு டிரம்ஸ்கூடக் கேட்கவில்லை. முக்காலி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கச்சேரி முடிந்து கதவைத் திறந்த மேனேஜரின் முகம் வெளிறியிருந்தது. படங்களைச் சரியாகக்கூடப் பார்க்காமல், "போங்க, போங்க" என்று எல்லோரையும் விரட்டினார். நனைந்துகொண்டு வீடு போக வேண்டுமே என்ற கவலையில் இவன் அதைக் கண்டுகொள்ளவில்லை. மறுநாள் ஊரிலும் பத்திரிகையிலும் மழை வெள்ளத்தைப் பற்றித்தான் பேச்சு.

அவள் பிறகு வந்தாள். தலையைத் துவட்டாமல் வாசற்படியிலேயே நின்று அவனைப் பார்த்தாள். எதையோ எதிர்பார்க்கிற மாதிரி இருந்தது. இவன் பழக்கதோஷத்தில், "இன்னைக்கு உன் குரல் எனக்குத் தனியாக் கேட்டுச்சு" என்றான்.

அவ்வளவுதான். அவள் அப்படியே அவன் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். மழையில் நனைந்து வந்த அலுப்பு, மேடம் ஏதாவது திட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான். என்ன, ஏது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் கச்சேரியைப் பற்றிப் பேச்சு வளரும், வளர்ந்தால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். கச்சேரியைப் பற்றி அவளிடம் எதையுமே கேட்காமல் இருப்பதில் அவன் கைதேர்ந்தவன்.

அதன் பிறகு அவளிடம் ஒரு மாற்றம். வருடக் கடைசிக் கட்டுரையைப் பற்றி எந்த வருடமும் கேட்காதவள், அந்த வருடம் இரண்டு மூன்று தடவை கேட்டாள்.

"இந்த வருஷம் எதையெல்லாம் எழுதப்போறீங்க?"

"இன்னும் முடிவு பண்ணலை."

"அந்த மழைநாள் கச்சேரியை எழுதுவீங்கல்ல?"

"அது இல்லாமலா" என்றான். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து, மேடத்தின் குழுவைப் பற்றி வந்தால் அவளுக்கும் பெருமைதானே என்று நினைத்துக்கொண்டான்.

இந்த நேரத்தில்தான் மாமியார் கண் ஆபரேஷனுக்காக வந்து அவர்களோடு தங்கினார். ஒரு கண்ணில் கட்டு. மற்றொரு கண் ஏற்கெனவே மங்கல். மருத்துவர் டிவி கூடாது, படிக்கக் கூடாது, குனியக் கூடாது என்று சொல்லியிருந்தார். பேசக் கூடாது என்று சொல்ல மறந்துவிட்டார். மகளின் வேலையைப் பற்றி மாமியாருக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் இருந்ததில்லை. "அந்தம்மா பாடுறாங்க, ஊரே கேக்குது. நீ பின்னால நின்னு ஆ, ஓன்னு இழுக்குறே. அதுக்கு வருஷக் கணக்காப் பாட்டு கத்துக்கணுமா?" என்பார். மருமகனைப் பற்றியும் பெரிய அபிப்பிராயம் இல்லை. அதை மட்டும் மருமகன் இருக்கும்போது சொல்ல மாட்டார், சமையலறைக்குப் போய் மகளிடம் சொல்வார். அங்கிருந்து எல்லாம் அவனுக்குக் கேட்கும்.

அவன் எழுத உட்கார்ந்தான். அந்த வருடத்துப் படங்களைக் கணினியில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தான். இரண்டு பாட்டு நேரம் வயலினுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டே இருந்த கிழவர். மேடையிலேயே முறைத்துக்கொண்ட கிதார் அண்ணன் தம்பி. முதல் பாட்டில் செருப்பு அறுந்து, வெறுங்காலோடு பாடிய சின்னப் பெண். எல்லோரும் இஸ்திரி கலையாமல், வியர்வை வராமல், கொஞ்சம் பயந்த முகத்தோடு இருந்தார்கள். அவன் படத்தில் எல்லாக் கச்சேரியும் ஆரம்பித்துக்கொண்டே இருந்தது. எதுவும் முடிந்தபாடில்லை. தலை கலைந்து, குரல் இறங்கி, மனசு திறந்து ஒருத்தர் பாடும் முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. தன்மேலேயே வெறுப்பாக வந்தது. வெறுப்போடு வெறுப்பாக அந்தக் கிழவரின் கடைசி வாசிப்பை ஒரு பாரா முழுக்க அழ வைத்தான். அண்ணன் தம்பியைக் கடைசிப் பாட்டில் கட்டிப்பிடிக்க வைத்தான்.

மழைநாள் கச்சேரிக்கு அவ்வளவுகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மேடம் எந்தக் கச்சேரியையும் ஒரே பாட்டில்தான் முடிப்பார். தாலாட்டு மாதிரி ஒரு பாட்டு. நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அவன் எழுதினான்: 'மழையின் இரைச்சலை மீறி மேடம் தன் கடைசிப் பாட்டைத் தொடங்கியபோது அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டது. கண்களை மூடி, ஒலிவாங்கியை இரு கைகளாலும் பற்றி, அவர் அந்தத் தாலாட்டைப் பாடி முடித்தபோது வெளியே மழையும் நின்றிருந்தது.' மழை பெய்தது மட்டும் உண்மை. ஆசிரியர் படித்துவிட்டு, "சபாஷ்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்திரிகை வந்தது. அவள் அதற்கு முன்பே எழுந்து, குளித்து, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் இருக்கும் நாளில் அவள் அப்படி உடுத்தி அவன் பார்த்ததில்லை. அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, "அம்மா, இவர் எழுதினதை நான் படிக்கிறேன், நீ கேளு. கடைசி வரைக்கும் குறுக்க பேசாமக் கேளு" என்றாள்.

"நான் எப்ப குறுக்க பேசினேன்?" என்றார் மாமியார்.

அவனுக்கு எழுந்து போக வேண்டும் போல இருந்தது. ஆனால் அறையின் ஒரே கதவுக்கு முன்னால் தன் நாற்காலியைப் போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அவன் ஜன்னலோரம் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டான்.

அவள் படித்தாள். கிழவரின் வயலினைப் படித்தாள், அண்ணன் தம்பியைப் படித்தாள், செருப்பு அறுந்த பெண்ணைப் படித்தாள். மாமியார், "பாவம்" என்றார். அவள் பக்கத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு மழைநாளுக்கு வந்தாள்.

"மழையின் இரைச்சலை மீறி மேடம் தன் கடைசிப் பாட்டைத் தொடங்கியபோது அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டது."

அங்கே நிறுத்தினாள். அவள் கண் மட்டும் வரிகளின் மேல் கீழே போய் வந்தது. மறுபடி மேலே போய்க் கீழே வந்தது. பிறகு தலையை நிமிர்த்தாமலே தொடர்ந்தாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"முதல் அடியிலேயே மேடத்தின் குரல் உடைந்தது. இன்னொரு முறை முயன்றார். காற்றுதான் வந்தது. வாத்தியக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருந்தார்கள்."

அவன் நிமிர்ந்தான். அவன் இதை எழுதவில்லை.

"அப்போது மேடம் திரும்பி, கோரஸ் பக்கம் பார்த்து, நடுவில் நின்றவளைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவள் தன்னை இல்லை என்று நினைத்துத் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் திரைதான் இருந்தது. விளக்குக்காரருக்கு அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை. வெளிச்சம் மேடை முழுக்க அலைந்து, இரண்டாவது அடியில்தான் அவளைக் கண்டுபிடித்தது. சுருதி அவளுக்கு அரைக் கட்டை அதிகம். தொண்டை கிழிந்துவிடும் என்று நினைத்தாள். கிழியவில்லை. மேடம் டிரம்ஸ் மேடையின் விளிம்பில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து அவளுக்குக் கோரஸ் பாடினார். முடித்தபோது யாரும் கை தட்டவில்லை. கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது. அப்புறம்தான் தட்டினார்கள். தூணோரம், எப்போதும் நிற்கும் இடத்தில் நின்று, நான் அழுதேன்."

பத்திரிகையை மடியில் வைத்தாள். அவன் பக்கம் திரும்பவில்லை. அந்த மழை நாளில் வாசற்படியில் நின்று தன்னை ஏன் அப்படிப் பார்த்தாள், ஏன் அப்படி அழுதாள் என்பதெல்லாம் இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. உலகத்தில் வேறு எந்த நாளில் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தாலும் அது வெறும் பொய்யாகப் போயிருக்கும்.

"அந்த நடுவுல நின்ன பொண்ணு..." என்றார் மாமியார் மெதுவாக.

"நான்தாம்மா."

மாமியாரின் கை காற்றில் துழாவியது. அவள் தன் கையைக் கொடுத்தாள்.

"ஏன்டி, இத்தனை மாசமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"மேடத்தோட தொண்டை விஷயம் வெளிய போகக் கூடாதுன்னு மேனேஜர் சொல்லிட்டாரும்மா. இவர்தான் பார்த்துட்டாரே, எப்படி எழுதணுமோ அப்படி இவரே எழுதட்டும்னு இருந்தேன்." அதை அவள் ஒரு நடுக்கமும் இல்லாமல் சொன்னாள். அதுதான் அவனைக் கொன்றது.

மாமியார் கட்டுக்குள்ளிருந்து வழிந்ததை முந்தானையால் ஒற்றிக்கொண்டார். "அழக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

"மாப்பிள்ளை, உங்களைப் பத்தி நான் என்னென்னவோ நெனச்சிருக்கேன், மனசுல வச்சுக்காதீங்க. எம் பொண்ணா இருந்தும் இவ பாட்டு எனக்குக் கேக்கலை, உங்களுக்குக் கேட்டிருக்கு. அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிங்க. உங்க வாயால கேக்கணும்."

"அவளே படிக்கட்டும் அத்தை, அவதான் நல்லா..."

"இல்ல, நீங்க படிங்க. எழுதினவரு நீங்கதானே?"

மனைவி எழுந்து வந்து பத்திரிகையை அவன் கையில் கொடுத்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். இல்லை. அவன் என்ன செய்கிறான் என்று பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. அவ்வளவுதான்.

தாளில் அவன் எழுதிய பொய் கொட்டை எழுத்தில் கிடந்தது. அதற்கு மேலே முதல் பாட்டில் எடுத்த மேடத்தின் படம், தலைமுடி ஒன்றுகூடக் கலையாமல். படத்தின் இடது ஓரத்தில் மூன்று பேர் நின்றிருக்க வேண்டும். வெட்டியாகிவிட்டது.

அவன் தொடங்கினான். தாளைப் பார்த்தபடி, தாளில் இல்லாததைச் சொன்னான். மேடத்தின் குரல் உடைந்ததைச் சொன்னான். கையசைத்துக் கூப்பிட்டதைச் சொன்னான். திரும்பிப் பார்த்தபோது பின்னால் திரைதான் இருந்தது என்று சொன்னபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மேடை அவனுக்குக் கேமரா இல்லாமல் தெரிந்தது. வெளிச்சம் அலைந்ததைச் சொன்னான். அரைக் கட்டை அதிகம் என்பதை விட்டுவிட்டு, மறுபடி திரும்பிப் போய்ச் சொன்னான். மேடம் உதட்டை அசைத்ததையும் மழை மட்டும் கேட்டதையும் சொன்னான். தன் மனைவி சொன்ன எதையும் அவ்வளவு கவனமாக அவன் அதற்கு முன்பு கேட்டதில்லை. "அப்புறம்தான் கை தட்டினார்கள்" என்று சொல்லி நிறுத்தினான்.

"அவ்வளவுதான் அத்தை."

"இல்லையே" என்றார் மாமியார். "தூணோரம் நின்னு அழுதீங்களே, அதை விட்டுட்டீங்களே. எங்கிட்ட என்ன வெக்கம்?"

ஒரே ஒரு வாக்கியம். சொல்லிவிட்டால் மாமியாருக்குச் சந்தோஷம், வீட்டில் நிம்மதி, வருடக் கணக்காகக் கட்டிய கோட்டையும் அப்படியே நிற்கும். அவன் வாயைத் திறந்தான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிப் பத்திரிகையைத் தாழ்த்தினான்.

"அது பேப்பர்ல இல்லம்மா" என்றாள் அவள். "அதை நானாச் சேத்துப் படிச்சேன்."

"பின்ன மாப்பிள்ளை எங்கதான் நின்னாரு?"

அது தான் சொல்ல வேண்டிய பதில் இல்லை என்பது போல அவள் திரும்பி நின்றாள்.

"வெளியில அத்தை" என்றான் அவன். "மூணு பாட்டு ஆனதும் எங்களை ஒரு ரூம்ல விட்டுத் தாழ்ப்பாள் போட்டுடுவாங்க. எப்பவுமே அப்படித்தான். தூண்கிட்ட நான் ஒரு நாளும் நின்னதில்ல. இவ பாடி நான் கேட்டதே இல்ல."

மாமியாருக்கு யார் பக்கம் முகத்தைத் திருப்புவது என்று தெரியவில்லை. கடைசியில் மகள் நின்ற பக்கம் திரும்பினார்.

"அப்படின்னா நீ பாடினதை யாருதான்டி கேட்டா?"

அவள் அவன் கையிலிருந்த பத்திரிகையை வாங்கி, மடிப்பு கலையாமல் நாலாக மடித்தாள்.

"ஆயிரம் பேரு கேட்டாங்கம்மா."